இடது குதிகாலில் ஒரு வெட்டு

"புதுசாப் போடற சோல்ல, இடது குதிகால் பக்கம் முக்கோணமா ஒரு வெட்டு வெச்சுடு. ஆரினுக்குத் தெரியக் கூடாது" என்றாள் வெர்னா, கணவரின் பழைய பூட்ஸை மேசைமேல் வைத்தபடி.

லீலண்ட் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மலையடியில், மரம் வெட்டுகிறவர்களின் பூட்ஸுக்கு சோல் மாற்றித் தருகிற கடை அவனுடையது. எத்தனையோ கிறுக்குத்தனமான ஆர்டர் பார்த்திருக்கிறான், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"வெட்டு எதுக்கு?"

"சேத்துல தடம் விழுந்தா, அது அவரோடதுன்னு எனக்குத் தெரியணும். இப்ப சோல் வழுவழுன்னு தேஞ்சு கெடக்கு. ஒண்ணும் பதிய மாட்டேங்குது."

லீலண்டுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆரின் மரம் வெட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிறது. ஆனாலும் விடிந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு காளான் பறிக்கக் கிளம்பிவிடுவார். திரும்பும்போது பை காலி.

போன வாரம் அவர் அந்த பூட்ஸை ஆற்றோரம் லொரைன் வீட்டு வாசலில் கழற்றி வைத்திருந்ததை ஊரே பார்த்தது. லொரைன் கணவனை இழந்தவள், பார்க்கவும் லட்சணமானவள். மரக் கம்பெனி ஒரே அச்சில் கட்டிக் கொடுத்த வெள்ளை வீடுகள் நிறைந்த ஊர் இது. காட்டு வேலைக்காரன் தன் வீட்டு வாசலில்தான் பூட்ஸைக் கழற்றுவான். அடுத்தவர் வீடென்றால் படியிலேயே நின்று பேசிவிட்டு வந்துவிடுவான். பிறகு ஊர் வாயை மூடுமா?

கிழவர் செய்யக்கூடியவர்தான் என்று நினைத்துக்கொண்டான் லீலண்ட். முந்தாநாள்கூடக் கடைக்குள் வந்து, "என்ன எட்கர், காப்பி இருக்கா?" என்று அவனுடைய செத்துப்போன அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. இந்த வயசில் இத்தனை குறும்பா என்று லீலண்டுதான் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இதுல வெட்டுறதுக்குப் பதிலா, புதுசா ஒரு ஜோடி வாங்கிக் குடுத்துடலாமே?" என்று பேச்சை மாற்றினான்.

"வாங்கினேனே! 'எவனோ தன் பூட்ஸை இங்க விட்டுட்டுப் போயிட்டான்'னு தூக்கி வெளியில வெச்சுட்டாரு. இந்தப் பழசைத் தவிர எதையும் தொட மாட்டாரு."

'நல்ல நடிகர்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான் லீலண்ட். ஆனாலும் அவனுக்குச் சங்கடமாக இருந்தது. சின்ன வயசில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு காடு காட்டிய மனுஷர். அவர் காலடியிலேயே வேவு வைக்கக் கை வரவில்லை.

"சோல் போட்டுத் தரேன், தையல் பிரிஞ்சதையும் தெச்சுத் தரேன். வெட்டு மட்டும் வேணாம் வெர்னா. புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நான் ஆணி அடிக்க மாட்டேன்."

"நீ போடலைன்னா நானே கத்தியெடுத்து வெட்டிக்கறேன். நேத்து மழையில மூணு மணி நேரம் தேடினேன். எனக்கு அவர் போற இடம் தெரிஞ்சாகணும்."

மேசைமேல் கிடந்த கத்தியை அவள் எட்டி எடுத்தாள். கோபம் என்றுதான் லீலண்ட் நினைத்தான். இரண்டு பேர் மேலும் அவனுக்குப் பரிதாபம் வந்தது.

"சரி, தடத்தைப் பாத்துக்கிட்டே போறீங்க. கையும் களவுமாப் பிடிச்சுடறீங்க. அப்புறம் என்ன பண்ணப் போறீங்க?"

வெர்னா பூட்ஸின் நாடாக்களைச் சேர்த்து முடிந்தாள். முடிந்ததை அவிழ்த்தாள்.

"கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரப் போறேன். வீடு எதுன்னே அவருக்கு மறந்துபோச்சு, லீலண்ட்."