கை நிற்காத பத்து நிமிடம்

"முதல் பரிசா? எனக்கா? சார், நல்லா பாருங்க. இசைவாணின்னு வேற யாராவது இருக்கப் போறாங்க!"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். கலெக்டர் அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவள் இசைவாணி. பதினொரு வருடமாக ஊரார் குறையை எழுதுகிறாள். கதாசிரியை ஆக முடியவில்லை என்பது அவள் குறை. அனுப்பிய பதினேழு கதைகளும் கிணற்றில் போட்ட கல். "இதுவும் போச்சுன்னா இனிமே மனுவோட நிறுத்திக்கறேன்" என்று சபதம் போட்டுத்தான் பதினெட்டாவதைப் போட்டிக்கு அனுப்பியிருந்தாள்.

"கள்ளக்குறிச்சி இசைவாணி நீங்கதானேம்மா?" என்றார் பத்திரிகை ஆசிரியர். "அப்பப்பா, என்ன சிக்கனம்! ஒரு வார்த்தை கூட அதிகம் இல்ல. நடுவர் மூணு பேரும் இதையேதான் சொன்னாங்க."

சிக்கனமா? நாலு பக்கம் கொட்டித் தீர்த்தோமே! சரி, பரிசு கொடுக்கிறவரிடம் போய் வழக்காடுவானேன்? நன்றி சொல்லி வைத்துவிட்டுக் கத்தினாள்.

"அண்ணே! ஜெயிச்சுட்டேண்ணே!"

பக்கத்து மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்த தீனதயாளன் நிமிர்ந்தார். "எது? அன்னிக்கு வாட்ச்ச பாத்துக்கினே பேய் புடிச்ச மாரி எழுதினியே, அதுவா?"

"அதேதான்! லைப்ரரியில நடந்த கதைப் பட்டறையில சொல்லிக் குடுத்தாங்க. கையாலதான் எழுதணும். பத்து நிமிஷம் பேனா நிக்கவே கூடாது. அடிக்கக் கூடாது, திரும்பிப் படிக்கக் கூடாது. மனசுல இன்னா வருதோ அதை எழுதிக்கினே போவணும்."

"உனக்கு இன்னா வந்துச்சு? 'பெறுநர், ஐயா, வணக்கம்'. நான்தான் பாத்தனே!"

இருவரும் சிரித்தார்கள். பொய்யில்லை. வெள்ளைத்தாளைக் கண்டால் அவள் கை அப்படித்தான் தொடங்கும். நிறுத்தக் கூடாதே, அதனால் அதையும் எழுதிவிட்டு மேலே ஓடினாள். அன்று காலைதான், தேடி வந்த கொளஞ்சியப்பன் என்பவருக்காக, அவர் ஊர் ஓடைக்குப் பாலம் கேட்டு மனு எழுதியிருந்தாள். மனுவில் அடங்காமல் மிஞ்சியதெல்லாம் கதையாகக் கொட்டியது. கல்வராயன் மலையில் மழை பெய்தால் அந்த ஓடை பொங்கும். அவர் மகள் புத்தகப்பையைத் தலையில் ஏற்றி, ஹால் டிக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, பரீட்சைக்காகக் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கினாளாம். போட்டிக்குத் தபாலில் சேர்க்க அன்றுதான் கடைசி நாள். திரும்பிப் படிக்காமல் அப்படியே அனுப்பிவிட்டாள்.

"நீ பேரு, போன் நம்பர் எழுதி வெச்ச கவர்ல போட்டு ஒட்டி, தபால்ல சேத்தவன் நான். அதை மறந்துடாத" என்றார் தீனதயாளன்.

"உங்களுக்கு இல்லாததா? மொதல்ல பிரியாணி!"

அதற்குள், "யம்மா! பாலம் வருதும்மா!" என்று கூவிக்கொண்டே ஓடி வந்தார் கொளஞ்சியப்பன். தோளில் இருந்த துண்டு வழியிலேயே விழுந்துவிட்டிருந்தது. "இன்ஜினியருங்க வந்து ஓடையை அளந்துக்கினு போயிட்டாங்க!"

"அய்யோ, நெசமாவா! இன்னிக்கு யாரு மொகத்துல முழிச்சேன்னு தெரியலியே!"

"எல்லாம் உன் கைராசி. ஆபீசரு நம்ம மனுவைப் படிச்சாரு பாரு, பக்கம் பக்கமா படிச்சாரு! வரிசையில அத்தினி பேரு நிக்கறாங்க, அவரு தலையே நிமிரல. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கினு, 'ஹால் டிக்கெட்டைப் பல்லுல கடிச்சுக்கினா பொண்ணு போச்சு?'ன்னு கேக்கறாரு. எனக்கு அழுகையே வந்துட்சி. சொன்னதுல ஒண்ணு வுடாம எழுதிட்டியேம்மா!"

இசைவாணியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் எழுதிய மனுவில் பல்லும் இல்லை, ஹால் டிக்கெட்டும் இல்லை. பொருள், பார்வை, கோரிக்கை. மொத்தமே ஒரு பக்கம்.

மெல்லத் திரும்பினாள். "அண்ணே, அன்னிக்கு இவரு மனுவைக் கவர்ல போட்டுக் குடுத்தது யாரு?"

"அதுவும் நான்தான். நீ சாப்பிடப் போயிருந்தியே. ரெண்டுலயும் மேல 'பெறுநர், ஐயா'ன்னுதான் இருந்துச்சா, கவரு மாறி..." தீனதயாளன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்போ பரிசு எதுக்குண்ணே குடுத்தாங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் மறுபடி அடித்தது. அதே ஆசிரியர்.

"அம்மா, கதை அச்சுக்குப் போகுது. ஒரே ஒரு சந்தேகம். கடைசி வரியில கொளஞ்சியப்பனோட ஆதார் நம்பர் வருதே, அதை அப்படியே போட்டுடலாமா?"