குமாருக்கு டி.சி.

"குமாருக்கு டி.சி. எழுதியாச்சாம் டீச்சர். சாயங்காலம் ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. நீங்க இங்க சமாளிச்சுக் காட்டுங்க, அவரு மனசு மாறலாம்," என்றார் தேவசேனா. முரண்டு பிடிக்கும் பிள்ளைகளைக் கையாள ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர, மதுரையிலிருந்து மன்னவனூருக்கு வந்திருந்தவர்.

சுதாராணி கரும்பலகை முன்னால் போய் நின்றாள். கடைசி பெஞ்சில் மேசை தடதடத்தது.

"ஏலே குமாரு, சும்மா இரு."

தடதடப்பு கூடியது. ஒரு சாக்பீஸ் பறந்து வந்து அவள் தோளில் பட்டது. முன்பெஞ்சுகளில் சிரிப்பு. அவள் கை பிரம்பைத் தேடியது.

"குரல ஒசத்தாதீங்க டீச்சர். கிட்டப் போயி, கீழ உக்காந்து பேசுங்க," என்றார் தேவசேனா.

சுதாராணி போய்ப் பெஞ்சுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"என்னய்யா கோவம்? எங்கிட்ட மட்டும் சொல்லு."

தடதடப்பு நின்றது.

"எழுதச் சொல்றீங்க. எனக்கு எழுத வரல டீச்சர்."

"மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?"

"யாரு கேட்டா? எல்லாரும் அடிக்கத்தான செஞ்சீங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. தேவசேனா எழுந்தார்.

"போதுங்க ஹெட்மாஸ்டர் சார். குமாரா நடிச்சதுக்கு நன்றி. ஆனா மேசையத் தட்டத்தான சொன்னேன். கடைசியில பேசுனது நான் சொல்லிக் குடுக்கலயே."

சின்னப் பிள்ளைகளின் பெஞ்சிலிருந்து முட்டியை விடுவித்துக்கொண்டு பொன்னுவேல் எழுந்தார். முன்பெஞ்சு ஆசிரியர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"தானா வந்திருச்சும்மா," என்றவர், சுதாராணியிடம் திரும்பினார்.

"குமாருக்கு எழுத வருமான்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லீங்க டீச்சர். நாளைக்கு வெள்ளனே வரச் சொல்லுங்க."