ஒன்பதாவது கதவு

யூலாந்தில் டோர்தேயின் குதிரை லாயம் போன வருடம் எரிந்தது. எட்டுக் குதிரைகள் தப்பின, ஒன்று தப்பவில்லை. அதே இடத்தில் மறுபடி கட்ட வேண்டாமென்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவள் கேட்கவில்லை. உள்ளே குதிரைக்கு ஒன்றான கொட்டில்களும் பழையபடி ஒன்பதாகவே வேண்டுமாம். கடைசி காலியாக இருக்குமாம். புது லாயத்துக்கு வரைபடம் வரைந்து கொடுத்தேன்.

குதிரைகள் மரத்தைக் கடிக்கும் என்பதால் கதவுகளின் விளிம்பில் தகடு அடிப்போம். காலிக் கொட்டிலுக்கு எதற்கென்று ஒன்பதாவது கதவைத் தகடில்லாமல் விட்டுவிட்டேன்.

கட்டி முடித்தபின், இந்தத் திங்களன்று அதன் உட்புறத்தில் பல்தடங்கள் இருந்தன.

“தச்சனோட உளி வழுக்கியிருக்கும்,” என்றேன்.

டோர்தே தொட்டுப் பார்த்தாள். “உளிக்கு எச்சில் ஊறுமா?”

“குதிரைங்களைக் கொண்டுவந்துட்டீங்களா?”

“வியாழக்கிழமைதான் வருது.”

இன்று புதன். கடித்த பள்ளம் வெளித் தாழ்ப்பாளை நோக்கி இறங்கியிருக்கிறது. இரண்டு விரற்கடை மரம்தான் பாக்கி.