மணியம் அங்கிள் வீட்டு லைன்

"வயர்லெஸ்னா வயரே வேண்டாம்தானே தம்பி?" என்று கேட்டபடி மணியம் அங்கிள் கட்டைவிரல் அளவுக் குச்சி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.

அது கணினியில் செருகுகிற வைஃபை அடாப்டர். பக்கத்தில் மோடம் இருந்தால் அதன் அலையைப் பிடித்துக் கொடுக்கும். மோடம் இல்லாவிட்டால் அது வெறும் குச்சி.

அங்கிள் வீட்டில் மோடம் இல்லை.

சுங்கை பட்டாணி டவுன் கடையில் அவர் வயர் வேண்டுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். கடைக்காரரும் வேண்டாம் என்று ஒரே ஒரு பதில் சொல்லியிருக்கிறார். இருவர் பேரிலும் தப்பில்லை. மாதக் கட்டணம் இல்லாத இண்டர்நெட்டைக் கண்டுபிடித்த, எங்கள் ஊர் செமிலிங்கின் முதல் மனிதராக அங்கிள் வீடு திரும்பியிருந்தார்.

மூன்று மணிக்கு அவர் மகள் காஞ்சனாவுக்கு நேர்முகத் தேர்வு. சிங்கப்பூர் கம்பெனி. திரையில் ஒரு டெஸ்ட், பிறகு கேமராவில் பேச்சு. போனில் செய்யக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

தேறினால் அடுத்த மாதமே புறப்பாடு. தேறாவிட்டால் கூலிம் தொழிற்சாலையில் அதே ஷிஃப்ட், அதே கம்பெனி பஸ், எதிர் வீட்டில் அதே நான்.

அவளுக்கு எது வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நியாயம்தான். நான் அடாப்டர் மாட்ட வந்தவன்.

வாசலில் அவள் ஷூ கிடக்கிற விதத்தை வைத்தே அன்றைக்கு எந்த ஷிஃப்ட் என்று சொல்லிவிடுவேன். நான் படிக்கிற பாலிடெக்னிக்கில் இதற்கு மதிப்பெண் கிடையாது.

குச்சியைச் செருகினேன். கணினி அதை அடையாளம் தெரியாத விருந்தாளிபோல் பார்த்தது. டிரைவர் மென்பொருள் கேட்டது. இண்டர்நெட் வர டிரைவர் வேண்டும். டிரைவர் வர இண்டர்நெட் வேண்டும். அனுபவம் இருந்தால்தான் வேலை என்று விளம்பரம் கொடுப்பவர்கள் கண்டுபிடித்த முறையாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு ஓடி, பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அங்கிளுக்கு போன் வந்தது. "அப்புறம் பேசறேண்ணே. எதிர் வீட்டுத் தம்பி நம்ம காஞ்சனாவுக்கு லைன் போட்டுக்கிட்டிருக்கான்."

தேவையே இல்லாமல், ஒரு கௌரவத்துக்காகக் கொண்டுவந்திருந்த ஸ்குருடிரைவர் என் கையிலிருந்து நழுவியது.

காஞ்சனா குனிந்துகொண்டு கேமராவைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

டிரைவர் ஏறியதும் மேசையை ஜன்னலோரம் தள்ளினேன்.

"ஏன் தம்பி?"

"காத்துல வர்றதுதானே அங்கிள்."

அவருக்கு அது முழுத் திருப்தியாக இருந்தது.

அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் திரையில் வரிசையாக ஏறின. ஒன்றைத் தொட்டேன். கடவுச்சொல் கேட்டது. அடித்தேன்.

"அது என்னா?"

"அடாப்டரோட பூட்டு, அங்கிள்."

காஞ்சனா திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"நடுவுல கட் ஆகாதுல்ல, தேவா?"

"ஆகாது."

"கண்டிப்பா?"

"ஆகாது லா."

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். ஒரு பேச்சுக்காவது யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

மூன்றுக்கு முன்பே வீட்டுக்கு வந்து, சாமி மேடைக்குக் கீழே இருக்கிற எங்கள் மோடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பாவின் டேப்லெட், அம்மாவின் சீரியல், என் போன் என்று அதில் தொங்கிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். இப்போது அதில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள், எதிர் வீட்டில்.

எங்கள் வீட்டில் காஞ்சனா இவ்வளவு நேரம் இருந்ததே இல்லை.

ஜெராய் மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் இடி விழுந்தது.

அம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள். எங்கள் பக்கத்தில் இடி இடித்தால் முதலில் மோடத்தின் பிளக்கைத்தான் பிடுங்குவார்கள். கொடியில் காயும் துணியெல்லாம் அதற்கு அப்புறம்.

"பிடுங்குடா. போன தடவ புகைஞ்சது மறந்துருச்சா?"

மறக்கவில்லை. அதற்குப் பிறகு புது மோடம் வரும்வரை அப்பா எங்களோடு பேச வேண்டியிருந்தது.

இதைவிடச் சுத்தமான வாய்ப்பு கிடைக்காது என்பதும் தெரிந்தது. நான் எதையும் செய்ய வேண்டியதில்லை. ஒரு சாண் நகர்ந்தால் போதும். இடி வானத்துடையது, கை அம்மாவுடையது. சாயங்காலம் காஞ்சனாவே வந்து, "உன் தப்பில்ல லா, தேவா" என்பாள். அழுது முடித்த குரலில் சொல்வாள். அந்தக் குரல்கூட எனக்கு இப்போதே கேட்டது.

முதுகைச் சுவரோடு ஒட்டி, பிளக்கை மறைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

எதிர் ஜன்னலில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்டுச் சிரித்தாள். நன்றாகப் போகிறது.

அடுத்த இடி கூரைத் தகரத்தை உலுக்கியது.

"நகருடா," என்றாள் அம்மா. "போயிரும்."

"தெரியும்மா."