கழுவிய இன்ஜின்

"இன்ஜினைக் கழுவி வச்சிருக்கீங்களே எலீசியோ ஐயா, எதை மறைக்கிறதுக்கு?"

பானெட்டைத் தூக்கிய மறுகணமே, வண்டி வாங்க வந்தவர் இப்படிக் கேட்டார். முந்தின நாள் வந்த இரண்டு பேரும் இதையேதான் கேட்டுவிட்டுப் போனார்கள்.

எலீசியோ கோபப்படவில்லை. குனிந்து, இன்ஜின் கியர்பாக்ஸோடு சேரும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"மறைக்கலீங்க. இந்தா பாருங்க, ஒரு சொட்டு நிக்குதா? இங்க சீல் போயிருச்சு. வாரத்துக்கு ஒரு லிட்டர் ஆயில் ஊத்தணும். மறந்தீங்கன்னா ஜாம் ஆயிரும். மத்தபடி தங்கமான வண்டி."

வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீங்களா சொல்றதே இவ்வளவுன்னா, சொல்லாதது எவ்வளவு இருக்கும்!" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

சொலுத்தேக்கா ஊரில் பழைய வண்டி வாங்குகிறவன் முதலில் பார்ப்பது தூசியைத்தான். கழுவிய இன்ஜின் என்றால் கள்ள இன்ஜின். ஆயில் ஒழுகுவதை மறைக்கத்தான் கழுவுவார்கள். இது எலீசியோவுக்கும் தெரியாதது அல்ல. ஒழுகுகிற இடம் கண்ணுக்குத் தெரியட்டும் என்று கழுவிய கிறுக்கன் ஊரிலேயே அவர் ஒருவர்தான். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவர் சுமை ஓட்டிய தர்ப்பூசணிப் பண்ணை மூடியதிலிருந்து அந்தப் பிக்கப் வண்டி மூன்று வருடமாக மாமரத்தடியில் கிடந்தது. பானெட்டுக்குள் கோழி முட்டையிட்டிருந்தது. பேட்டரியைப் பிளாஸ்டிக் பையால் கட்டி, டீசலும் பல் துலக்கும் பிரஷ்ஷுமாக நான்கு நாள் தேய்த்தார். ஒவ்வொரு குழாயும் பளிச்சென்று வந்தது. வந்து என்ன பயன்!

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த மகன் ஒஸ்மின், தலைநகரத்து ஆஸ்பத்திரியில் கால் நொறுங்கிக் கிடந்தான். கட்டில் இலவசம், டாக்டர் இலவசம். எலும்பில் வைக்கிற தகடும் ஸ்க்ரூவும் வீட்டார்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் முட்டிக்குக் கீழே எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். விற்பதற்கு வீட்டில் வேறு எதுவும் இல்லை.

"இவனையும் விரட்டியாச்சா?" வாசலில் நின்றிருந்த மனைவி நோல்வியா கேட்டாள்.

"நான் எங்க விரட்டினேன்? உள்ளதைச் சொன்னேன்."

"உன்னை யாரு கிழவா உள்ளதைக் கேட்டா? கழுவாம விட்டிருந்தா முதல் ஆளே ஓட்டிட்டுப் போயிருப்பான்."

"ஒழுகுற வண்டியை ஒழுகலைன்னு சொல்லி எப்படிடி விக்கிறது? வாங்குறவனும் ஆட்டையோ மாட்டையோ வித்துட்டுத்தானே வருவான்?"

"அவனுக்கு இந்த இன்ஜின் போனா இன்னொரு இன்ஜின் கிடைக்கும். என் பிள்ளைக்கு இன்னொரு கால் கிடைக்குமா? சொல்லு!"

எலீசியோ பானெட்டை இறக்கி மூடினார்.

வியாழக்கிழமை காலையில் நோல்வியா சோளமாவு சலிக்கும் சல்லடையை எடுத்தாள். தெருப்புழுதியை அதில் அள்ளிப்போட்டு, இன்ஜின்மேல் ஒரே சீராகச் சலித்தாள். அடியில் நின்ற சொட்டைப் பழந்துணியால் ஒற்றி எடுத்தாள். நான்கு நாள் பாடு இரண்டே நிமிடத்தில் மண்ணாகிப் போனது. எலீசியோ தடுக்கவில்லை. தன்னைப் பார்க்கவே அவருக்குக் கேவலமாக இருந்தது.

மத்தியானம் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வந்தார். எவெலியோ என்று பெயர் சொன்னார். மலைப்பக்கத்து விவசாயி. சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து ஒரு துணிமூட்டை. உள்ளே பணம் என்று பார்த்தாலே தெரிந்தது.

பானெட்டைத் திறந்தவர் தூசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை நீங்க கழுவவே இல்லையா?"

"மூணு வருஷமா கையே வைக்கலீங்க."

"ஆயில் ஏதும் ஒழுகுதா?"

எலீசியோ வாசலைப் பார்த்தார். நோல்வியா போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்துதான் என்பது அவள் அழுகையிலேயே தெரிந்தது.

"ஒரு சொட்டுகூட இல்லீங்க" என்றார்.

அறுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு பொய்யை அவர் சொன்னதில்லை. ஆனாலும் சொல்லிவிட்டார். இனி ஒஸ்மின் நடப்பான்.

எவெலியோ பானெட்டை மெல்ல மூடினார். மூட்டையைச் சட்டைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார்.

"ஏங்க? விலையை வேணும்னா குறைச்சுக்கறேன்!" எலீசியோ பதறினார்.

"விலை இல்லீங்க. முந்தாநாள் என் மச்சான் இந்தத் தெருவுல ஒரு பிக்கப்பைப் பார்த்திருக்கான். இன்ஜினைப் பளபளன்னு கழுவி வச்சிட்டு, ஒழுகுற இடத்தை அந்த ஆளே விரல் வச்சுக் காட்டினாராம். ஊருக்குள்ள சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். எனக்கு இன்ஜினைப் பத்தி ஒண்ணும் தெரியாது. வாங்கினா அப்படிப்பட்ட மனுஷன்கிட்டதான் வாங்கணும்னு இருந்த மாட்டையெல்லாம் வித்துட்டு வந்தேன். பேரு மறந்துபோச்சாம், மாமரம் நிக்கிற வீடுன்னு அடையாளம் மட்டும் சொன்னான். இங்க எல்லா வீட்டுலயும் மாமரம் நிக்குது, வீடு மாறி வந்துட்டேன்."

அவர் தொப்பியைக் கழற்றி, மரியாதையாகக் கேட்டார்.

"அந்த ஆளோட வீடு எதுன்னு கொஞ்சம் காட்டுறீங்களா?"