போகலாம் என்று சொன்ன குரங்கு

காட்டாற்றின் மரப்பாலத்தைக் கவனிக்கும் வேலை குரங்குக்கு. தினமும் காலையில் கிளையில் இருந்தபடியே, "பலகையெல்லாம் நல்லா இருக்கு, போகலாம்" என்று கத்தும். அதை நம்பித்தான் கழுதை தன் குட்டியோடு பாலத்தில் ஏறியது. நடுவில் உளுத்துப்போன பலகை ஒன்று முறிந்து, குட்டி ஆற்றில் விழுந்தது. பின்னாலேயே குதித்த கழுதை, பிடரியைக் கவ்வி அதைக் கரைக்கு இழுத்து வந்தது. குட்டியின் முன்னங்கால் ஒடிந்திருந்தது.

காட்டின் தலைவரான யானையிடம் கழுதை முறையிட்டது. குரங்கோ அலட்டிக்கொள்ளவே இல்லை.

"பலகை நல்லாத்தான் இருந்துச்சு தலைவரே. இதுங்க துள்ளிக் குதிச்சிருக்கும்."

"கிட்டப் போய்ப் பார்த்தியா?" என்றது யானை.

"தினமும் பார்க்க என்ன இருக்கு? போன மழைக்கு முன்னாடி பார்த்தேனே."

கழுதைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "பார்க்கலைன்னு சொல்லியிருந்தா, நானே ஒவ்வொரு பலகையா மிதிச்சுப் பார்த்துப் போயிருப்பேன். உன் பேச்சை நம்பித்தானே என் பிள்ளையை முன்னால நடக்கவிட்டேன். இப்பவும் மத்த பலகையெல்லாம் நல்லா இருக்கு, அப்படித்தானே? உன் பிள்ளையோட நீ முன்னால நட, நாங்க வர்றோம்."

யானையும் தலையை ஆட்டியது.

குரங்கு பாலத்தருகே வந்தது. வயிற்றைப் பற்றியிருந்த குட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, முதல் பலகையைக் குனிந்து தட்டிப் பார்த்தது.