கை பட்டால் கெட்டுவிடும்

"தொடாதீங்க! கையை எடுங்க!"

தேவயானி போட்ட சத்தத்தில் ருக்குமணி நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

சுப்புலட்சுமிக்குச் சுருக்கென்றது. மேஜை மேலிருந்த சின்னக் குப்பி உருண்டு விழப் பார்த்தது. அதைப் பிடிக்கத்தானே போனாள் பாவம்? அதற்கு இத்தனை கத்தலா?

எதிர் பிளாக் ராஜ்மோகனின் மகள்தான் தேவயானி. ஹைதராபாத்தில் ஏதோ பெரிய ஆராய்ச்சி. சிக்குன்குனியா வந்தவர்களின் ரத்தம் வேண்டும் என்று ஐஸ் பெட்டியும் கையுமாக வந்திருந்தாள்.

சுப்புலட்சுமிக்கு அந்தக் காய்ச்சல் வந்து போய் எட்டு மாதம். முழங்கால் வலி மட்டும் போவேனா என்கிறது. அதே வாரம் காய்ச்சலில் விழுந்த ருக்குமணியோ நாலே நாளில் மந்தாரக்குப்பத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, இந்த வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் தேய்த்துப் போட்டுவிட்டாள்.

"ருக்குமணி அக்கா ரத்தம் பத்து சொட்டு கிடைச்சா போதும் ஆன்ட்டி. அவங்களை மாதிரி சீக்கிரம் தேறின ஆள் இந்த ஊர்ல வேற யாருமே அகப்படலை" என்று போனிலேயே கெஞ்சியிருந்தாள் தேவயானி.

வந்த இடத்தில் இந்தக் கூத்து. ருக்குமணி விரலைப் பிடிக்க ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கையுறை. அவள் கை வைத்த மேஜைக்கு ஸ்பிரே. இப்போது 'தொடாதீங்க' வேறு.

சுப்புலட்சுமி பொங்கிவிட்டாள்.

"ஏம்மா, உன்னை எவ்வளவு உசத்தியா நினைச்சிருந்தேன்! இவ்வளவு படிச்சும் புத்தி இப்படியா போகணும்? அவளும் மனுஷிதானே?"

"ஐயோ ஆன்ட்டி, நான்..."

"நீ பேசாதே. பத்து வருஷமா இந்த வீட்ல புழங்கறவ இவ. ஒருநாள், ஒரே ஒருநாள் நான் வித்தியாசம் பார்த்திருப்பேனா? அவளையே கேளு. சொல்லு ருக்குமணி!"

ருக்குமணி தரையைப் பார்த்தாள். "அத்த வுடுங்கம்மா."

"எதுக்கு விடணும்? நீ ரத்தம் குடுக்க வேண்டாம். எழுந்திரு!"

ருக்குமணி எழுந்தே விட்டாள். தேவயானிக்கு அழுகை வராத குறை. இந்தப் பத்து சொட்டுக்காகத்தான் லீவு போட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும்.

"அக்கா, ஒரே நிமிஷம். இந்த கிளவுஸ் உங்க கைகிட்டருந்து என்னைக் காப்பாத்த இல்ல. என் கைகிட்டருந்து உங்க ரத்தத்தைக் காப்பாத்த!"

"இன்னா பாப்பா சொல்றீங்க?"

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நம்ம ஊர்ல கரன்ட் எடுக்கற மாதிரியே குட்டிக் குட்டியா தெர்மல் ஸ்டேஷன் இருக்கு அக்கா. மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. அங்க எந்த வேலை நடக்கணும்னாலும் ஒரு துண்டுச் சீட்டு வரும். அதான் ஆர்.என்.ஏ. வேலை முடிஞ்சதும் சீட்டைக் கிழிச்சுப் போட்டுடணும்."

"கிழிக்கலன்னா?"

"சீட்டு வெளியே பறக்கும். கேட்ல நிக்கிற செக்யூரிட்டி, யாரோ திருடன் உள்ள பூந்துட்டான்னு விசிலடிச்சு ஊரையே கூட்டிடுவான். காய்ச்சல் போயும் ஆன்ட்டிக்கு வலி போகலையே, அது இந்த விசிலாத்தான் இருக்கும்னு எங்களுக்கு ஒரு சந்தேகம். உங்க உடம்பு சீட்டை எவ்வளவு வேகமா கிழிக்குதுன்னு பார்க்கணும்."

"அதுக்கு ஏன் தொடக் கூடாது?"

"நம்ம கை வியர்வை, எச்சில், கொஞ்சூண்டு பட்டாலும் அந்தச் சீட்டு மொத்தமும் கிழிஞ்சு போயிடும். உங்க கைன்னு இல்ல அக்கா, என் கை, கலெக்டர் கை, யார் கை பட்டாலும் கெட்டுடும். கொஞ்சம் முன்னாடி ஆன்ட்டிக்கு ரத்தம் எடுக்கும்போதும் இதே ரெண்டு கிளவுஸ், இதே ஸ்பிரேதான். அவங்க சீரியல் பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

ருக்குமணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "பேர் பெத்த சாமானுதான் போ!" என்றபடி உட்கார்ந்து விரலை நீட்டினாள். பத்தென்ன, பன்னிரண்டு சொட்டே விழுந்தது. குப்பியில் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டி ஐஸ் பெட்டிக்குள் பத்திரப்படுத்திய பிறகுதான் தேவயானிக்கு மூச்சே வந்தது.

சுப்புலட்சுமிக்கும் மனசு லேசாகிவிட்டது.

"அதானே பார்த்தேன்! நம்ம டவுன்ஷிப் பொண்ணாச்சே! இந்தக் காலத்துல போய் யாரும்மா அதெல்லாம் பார்க்கறா?"

முழங்கால் வலியையும் மறந்து சமையலறைக்கு ஓடினாள். மணக்க மணக்க மூன்று டம்ளர் காபி, ஒரே தட்டில் வந்தது.

தேவயானி கையுறையைக் கழற்றிவிட்டுக் கைக்கு அருகில் இருந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"ஐயையோ, அது இல்ல! அதை வை! வேற எடுத்துக்கோ!"

வீடே அதிர்ந்தது. தேவயானி பயந்துபோய் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் நெயில் பாலிஷில் சிவப்பாக ஒரு பொட்டு.

"நானும் ரொம்ப முக்கியமான குப்பிக்கு இப்படித்தான் பொட்டு வைப்பேன். இது ஸ்பெஷல் டம்ளரா ஆன்ட்டி?"

"அது வந்து... அது..." சுப்புலட்சுமி தட்டிலிருந்த வேறு டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

ருக்குமணிதான் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அது எனக்குன்னு வச்சிருக்கற டம்ளரு பாப்பா. மத்த டம்ளருங்கல்லாம் உங்க ஆர்.என்.ஏ. மாதிரி. பத்து வருசமா நான்தான் தேய்ச்சுக்கினு இருக்கேன், அப்பல்லாம் ஒண்ணும் ஆவாது. வாய் வச்சுக் குடிச்சாத்தான் கெட்டுப்பூடும்!"